பிப்ரவரி 29-க்குத் தமிழில் எந்த நாள் கூடுதல்?

தண்டையார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. காலையில் எழுந்ததும் தாளைக் கிழிக்கும் உரிமை ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுடையது. இன்று அவன் நேற்றைய தாளைக் கிழித்தபோது உள்ளிருந்து வந்தது 29 என்ற பெரிய எண்; மேலே பிப்ரவரி 2024, கீழே சோபகிருது வருடம், மாசி 17, வியாழக்கிழமை. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கேட்டான்: "பாட்டி, இங்கிலீஷில் இன்று கூடுதல் நாள். தமிழில் இது நேற்று 16, இன்று 17 என்று சாதாரணமாகத்தானே போகிறது? அப்படியானால் தமிழுக்குக் கூடுதல் நாள் கிடையாதா?"

மாசி 16-க்குப் பிறகு மாசி 17 வருவது இயல்பு என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தமிழ் ஆண்டுக்கு மிகுநாள் உண்டா, உண்டென்றால் அது எந்த மாதத்தில் சேர்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஒற்றியூர் ஆசிரியர்:

அம்மா, உங்கள் பேரன் கேட்டது மிகச் சரியான கேள்வி. கணக்கு ஆசிரியனாக முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் நான். என்னிடம் எந்த மாணவனும் இதைக் கேட்டதில்லை.

முதலில் ஆங்கில நாட்காட்டியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறத்தாழ 46 வினாடி ஆகிறது. ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியா நகரத்துச் சோசிஜெனிஸ் என்ற வானியலாரின் யோசனைப்படி இதை 365¼ நாள் என்று வைத்துக்கொண்டு, கி.மு. 45 முதல் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டில், அதுவரை சேர்ந்திருந்த குளறுபடியைச் சரிசெய்ய, ஆண்டையே 445 நாளாக நீட்ட வேண்டியிருந்தது. கூடுதல் நாளும் அப்போது பிப்ரவரி 29 என்ற பெயரில் வரவில்லை. பிப்ரவரி 24-ஐ இருமுறை எண்ணினார்கள். திதி இரண்டு நாள் நிற்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது.

சீசர் இறந்தபின் ரோமாபுரிப் புரோகிதர்கள் செய்த பிழை இன்னும் சுவையானது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறோமே, அதைப் போலவே அவர்களும் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எண்ணி, நான்காம் ஆண்டு என்பதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டார்கள். பின்னர் அகஸ்டஸ் சில மிகுநாட்களை விட்டுவிடச் செய்துதான் கணக்கை நேராக்கினார்.

ஆனாலும் 365¼ என்பது உண்மையைவிட 11 நிமிடம் கூடுதல். 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது வட்டியாகச் சேர்ந்து, 325-ல் மார்ச் 21-ஐ ஒட்டியிருந்த சமஇரவு நாள் 1582-ல் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார். நூறால் வகுபடும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே மிகுநாள் ஆண்டுகள் என்ற விதியும் அப்போது வந்தது. அதன்படி 400 ஆண்டுகளில் 97 மிகுநாட்கள்.

இனி உங்கள் பேரனின் கேள்விக்கு வருகிறேன். தமிழ் ஆண்டுக்கும் மிகுநாள் உண்டு. அதைச் சேர்க்கத்தான் விதி கிடையாது, விதி தேவைப்படவில்லை. நம் மாதம் சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் கணத்தில் பிறக்கிறது. அந்தச் சங்கிரமணம் சூரியன் மறைவதற்குள் நிகழ்ந்தால் அன்றே மாதம் முதல் தேதி. மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள். அவ்வளவுதான். கால் நாள் கால் நாளாகச் சேர்ந்து வரும்போது, ஏதோ ஓர் ஆண்டில் சங்கிரமணம் மாலையைத் தாண்டிவிடும்; தாண்டிய மாதத்துக்கு முந்தைய மாதம் தானாக ஒரு நாள் நீளும். அரசாணையும் வேண்டாம், போப்பும் வேண்டாம்.

மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு பஞ்சாங்கம் கணிக்கும் பழைய முறையான வாக்கியக் கணக்கின்படி ஓர் ஆண்டு என்பது 365 நாளும், கால் நாளும், அதன்மேல் ஒரு நாளில் 576-ல் 5 பங்கும். ஆரியபடர் கொண்ட ஆண்டளவும் இதுவே. எனவே 576 தமிழ் ஆண்டுகளில் 149 ஆண்டுகளுக்கு 366 நாட்கள். நடக்கும் சோபகிருது அவற்றில் ஒன்று: 2023 ஏப்ரல் 14-ல் பிறந்தது, 2024 ஏப்ரல் 13-ல் முடியப்போகிறது. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணடி அச்சுக்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்னதை அச்சுத் தொழிலின் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு சொல். தினசரி நாட்காட்டிக் கட்டுகள் பெரும்பாலும் சிவகாசியிலிருந்து வருகின்றன. இங்கே பாரிமுனைப் பக்கத்தில் அட்டையில் கடைப் பெயரை அச்சிட்டுக் கட்டைப் பொருத்திக் கொடுக்கும் வேலைதான் எங்களுக்கு மிகுதி. ஒரு தாளில் மூன்று காலக்கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் ஆங்கிலத் தேதி, ஓரத்தில் தமிழ்த் தேதி, மற்றோர் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஹிஜ்ரி தேதி. இம்மூன்றில் என் வீட்டுக் கணக்கு மூன்றாவது.

ஹிஜ்ரி ஆண்டு முழுக்க முழுக்கச் சந்திர ஆண்டு. 354 அல்லது 355 நாள். பருவத்தோடு ஒட்ட வைப்பதற்காக மாதம் சேர்க்கும் பழக்கம் அரபு நாட்டில் முன்பு இருந்தது. அதைக் குர்ஆனின் 9-ஆவது அத்தியாயம் வெளிப்படையாகத் தடுத்தது. ஆகவே எங்கள் மாதங்கள் ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் பின்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் ரமலான். 1991-லும் ரமலான் மார்ச்சில்தான் பிறந்தது. அப்போது நான் பள்ளிச் சிறுவன், என் அத்தா முதன்முதலாக முழு நோன்பு பிடிக்க என்னை அனுமதித்த ஆண்டு அது. நடுவில் மே மாதத்து அக்னி வெயிலிலும் நோன்பு வந்தது, டிசம்பர் மழையிலும் வந்தது. சீர்செய்யாத நாட்காட்டியைக் குறையுள்ளது என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

தொழிலில் நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த அச்சகம் ஒன்றில், 2001-க்கான மேசை நாட்காட்டிக்கு முந்தைய ஆண்டுப் பிப்ரவரிப் பக்கத்தையே எடுத்துக் கிழமைகளை மட்டும் மாற்றி ஓட்டிவிட்டார்கள். 29 அப்படியே நின்றுவிட்டது. மார்ச் 1-ஐயும் அதே வியாழக்கிழமைக் கட்டத்தில் அச்சிட்டிருந்ததால், பிழை திருத்துபவர் கண்ணில் படவே இல்லை. சரக்குக் கடைகளுக்குப் போனபின், ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர்தான் 29-ஆம் தேதித் தவணை யார் கட்டுவது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

பெரம்பூர் ஆவணம்:

இந்த இழையில் நம் ஊரின் பங்கும் பதிவாக வேண்டும். கிரிகோரி சீர்திருத்தத்தைக் கத்தோலிக்க நாடான பிரான்சு 1582-லேயே ஏற்றது; இங்கிலாந்து 1752 வரை மறுத்தது. விளைவாக, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டைக்கும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் இடையே 11 நாள் இடைவெளி. சென்னையில் 5-ஆம் தேதி எழுதிய கடிதத்தைக் குதிரைக்காரன் மறுநாளே கொண்டு சேர்த்திருந்தாலும், புதுச்சேரியில் அன்று தேதி 17. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்த நாளை ஆங்கிலேயர் 1746 செப்டம்பர் 10 என்று எழுதினர். பிரெஞ்சுக்காரர் செப்டம்பர் 21 என்று எழுதினர். வரலாற்று நூல்களில் இரண்டையும் கண்டு குழம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் ஒரே நாள்தான்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே குழம்பாமல் எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் எங்கள் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை ஆகியவற்றையும் குறித்தார். ஐரோப்பியர் இருவரும் தேதியில் ஒத்துப்போகாத காலத்தில், இரு கோட்டையையும் இணைத்த பொதுத் தேதி தமிழ்த் தேதியாகவே இருந்தது என்பது என் கருத்து. கிழமையும் அவ்வாறே பொதுவாக இருந்தது.

1752-ல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாளைச் செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆக்கின. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையிலிருந்து மீண்டும் சென்னைக்கு வந்தது. கோட்டைக் கணக்கப்பிள்ளைகளின் பேரேட்டில் 11 தேதிகள் இல்லாமல் போயின. சுவருக்கு வெளியே கறுப்பர் நகரத்துக்குப் போயிருந்தால், ஆங்கீரச வருடம் ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த நாட்கள் ஒன்றுகூடக் குறையாமல் நடந்திருக்கும்.

கொருக்குப்பேட்டை தெலுங்கர்:

எங்கள் வீட்டில் யுகாதிக் கணக்கு. இவ்வாண்டு அது ஏப்ரல் 9. சூரியனையும் சந்திரனையும் ஒருசேர விடாமல் பிடித்துக்கொள்ளும் கணக்கு இது என்பதால், நாளைக் கூட்டாமல் மாதத்தையே கூட்டுகிறோம். 19 ஆண்டுகளில் ஏழு அதிக மாதங்கள். சென்ற ஆண்டு சிராவணம் இரண்டு முறை வந்தது. அதிக மாதத்தில் கல்யாணம் வேண்டாம் என்று என் தங்கையின் முகூர்த்தம் தள்ளிப்போனது. மண்டபக்காரர் மட்டும் ஆங்கிலத் தேதிப்படி முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

காசிமேட்டுத் தம்பி:

ஆசிரியர் ஐயாவிடம் ஓர் ஐயம். தமிழ் நாட்காட்டி தானாகச் சரிசெய்துகொள்ளும் என்றீர்கள். எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; சித்திரை பிறந்த மறுநாள் விசைப்படகுகளைக் கட்டிவிடுவோம் என்று நாங்கள் எளிதாக நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் என் தாத்தா, தம் இளமையில் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 13-ல் வந்தது என்று அடித்துச் சொல்கிறார். தானாகச் சரிசெய்துகொள்ளும் நாட்காட்டி எப்படி ஒரு நாள் நகர்ந்தது?

ஒற்றியூர் ஆசிரியர்:

தம்பி, உங்கள் தாத்தா சொன்னது சரி. 1948-லும் 1952-லும் சித்திரை 1 ஏப்ரல் 13-ல்தான் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில் 1750-ஐ ஒட்டி, புதுச்சேரித் தேதிப்படி அது ஏப்ரல் 10 வாக்கில் இருந்தது. உங்கள் பேரப்பிள்ளைகள் ஏப்ரல் 15-லும் காண்பார்கள்.

என் முந்தைய பதிவில் நான் விட்டுவிட்ட செய்தி இது. அதைத் தோண்டியதற்கு நன்றி. தமிழ் நாட்காட்டி தன்னைத் தானே சரிசெய்துகொள்வது விண்மீன்களோடு, பருவங்களோடு அன்று. மேட ராசியின் தொடக்கத்திலிருந்து கிளம்பிய சூரியன் அதே இடத்துக்குத் திரும்ப 365.256 நாள் ஆகிறது. பருவம் திரும்ப 365.242 நாளே போதும். பூமியின் அச்சு, சுற்றி ஓயும் பம்பரத்தின் தலையைப் போல மிக மெதுவாக வட்டமிடுவதால் வரும் வேறுபாடு இது. 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை. இதோடு வாக்கியக் கணக்கின் ஆண்டு 365.2587 என்று சற்றே மிகையாக இருப்பதையும் சேர்த்தால், ஆங்கில நாட்காட்டியோடு ஒப்பிடும்போது சுமார் 62 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்வு. தை முதல் நாளை உத்தராயணப் பிறப்பு என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-ல். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த இரண்டுக்கும் இடையே இன்று மூன்று வாரத்துக்கு மேல் விரிசல்.

காசிமேட்டுத் தம்பி:

அப்படியானால் திருத்திவிடலாமே, ஐயா! போப் பத்து நாளைத் தூக்கியதுபோல நாமும் 23 நாளைத் தூக்கிவிட்டால், பருவமும் மாதமும் ஒன்றுபட்டுவிடும். கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றும் நீரோட்டமும் பருவத்தைப் பார்த்து வருகின்றனவே தவிர, விண்மீனைப் பார்த்து வருவதில்லை.

ஒற்றியூர் ஆசிரியர்:

இதை ஒருவர் முயன்று பார்த்தார். 1952-ல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-ல் அறிக்கை தந்தது. அதன் விளைவாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு 1879 சைத்திரம் 1 என்று தொடங்கித் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. பருவத்தோடு ஒட்டிய, குறை சொல்ல இயலாத நாட்காட்டி அது. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டி வரும் ஆங்கில ஆண்டு மிகுநாள் ஆண்டானால், சைத்திரம் 31 நாளாகி மார்ச் 21-லேயே பிறக்கும். வானொலியிலும் அரசிதழிலும் அதைக் கேட்டும் கண்டும் இருக்கிறோம். ஆனால் தம்பி, இன்று அதன்படி என்ன தேதி என்று இந்த இழையில் உள்ளவர்களில் எவராவது நாட்காட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

எங்கள் திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் களைவது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே. 23 நாளைத் தூக்கிவிட்டால், அந்தப் பௌர்ணமியில் சந்திரன் கார்த்திகை விண்மீனின் அருகே நிற்காது. பெயர் ஒன்றும் வானம் ஒன்றுமாகிவிடும். பருவத்தைக் காப்பாற்றினால் விண்மீன் போகும். விண்மீனைக் காப்பாற்றினால் பருவம் போகும். மண்ணடி நண்பரின் கணக்கைப் போலப் பிறையைக் காப்பாற்றினால் இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்பதில்தான் நாட்காட்டிகள் வேறுபடுகின்றனவே தவிர, எதையும் விடாத நாட்காட்டி இல்லை. தடைக்காலத்துக்கு ஆங்கிலத் தேதியும், கவசத்துக்குத் தமிழ் மாதமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் எண்ணம்.

(புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்ற வழக்கை யாரும் இங்கே திறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2008-ல் ஒரு சட்டமும் 2011-ல் அதன் நீக்கமும் வந்து அது வேறு மன்றத்துக்குப் போய்விட்டது.)

காசிமேட்டுத் தம்பி:

சக ஆண்டுத் தேதி எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் மக்கள் பயன்படுத்தவில்லை என்பது, கணக்கு தவறு என்பதற்குச் சான்றாகாதே.

பெரம்பூர் ஆவணம்:

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. வாக்கியக் கணக்கை மாற்ற வேண்டும் என்று இதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே குரல் எழுந்தது. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதிட்டார். இன்றுவரை வாக்கியமும் திருக்கணிதமும் அருகருகே விற்பதை எந்தப் பஞ்சாங்கக் கடையிலும் காணலாம்.

ஆனால் வாக்கியத்தை எளிதாக எடைபோட வேண்டாம். ஜான் வாரன் என்ற ஐரோப்பியர், சென்னையில் 1825-ல் அச்சான தம் காலசங்கலித நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். புதுச்சேரிப் பக்கத்தில், வானியல் கோட்பாடு எதுவும் அறியாத தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். எழுதிப் பார்க்கவே இல்லை. தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்; நடுவில் 23; முடிவில் 52.

தண்டையார்பேட்டை வாசகி:

இரண்டு நாளாக எல்லாப் பதிவுகளையும் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். சோழி பற்றிய செய்தியைக் கேட்டதும் அலமாரியிலிருந்து பல்லாங்குழிச் சோழிகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்; கிரகணம் கைகூடவில்லை.

இனி ஒரு சிறு செய்தி. இவ்விழையைப் படித்த என் தோழி ஒருத்தி, பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களில் நம்மவர் எவரேனும் உண்டா என்று கேட்டாள். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 மிகுநாள் ஆண்டு அன்று என்பதால், முதல் பிறந்தநாள் அவருக்கு எட்டாவது வயதில், 1904-ல் வந்தது. அவருடைய அந்த முதல் பிறந்தநாளன்றே பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1977-ல் பிரதமராக இருந்த தேசாய் இவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பியபோது, இவர் மறுத்துவிட்டார் என்பதும் நாம் அறிந்ததே.

மண்ணடி அச்சுக்காரர்:

அடுத்து அப்படி எட்டாண்டு காத்திருக்கப் போகிறவர்கள் 2096-ல் பிறப்பவர்கள், அம்மா. 2100-க்கான கட்டில் 365 தாளே வரவேண்டும். அன்று கட்டுப் போடுகிறவர் 2096-ஐப் பார்த்து 366 வைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகி:

ஆசிரியர் ஐயா எண்ணிப் பார்க்கச் சொன்னதைப் பேரன் மறக்கவில்லை. சோபகிருது வருடப் பஞ்சாங்கப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாதம் மாதமாக எண்ணி, பிப்ரவரி 29 தாளின் பின்புறத்தில் எழுதியிருக்கிறான். வைகாசி 32, மார்கழி 29. மொத்தம் 366 சரியாக வந்துவிட்டது. இப்போது கேட்கிறான்: மார்கழி ஏன் இவ்வளவு குறைச்சல்?

ஒற்றியூர் ஆசிரியர்:

ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் விரைந்து ஓடுகிறது. சூரியன் தனுசு ராசியைக் கடக்க 29 நாளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாளுமே ஆகிறது. ஆனி மாதத்திலோ மிகத் தொலைவில் இருப்பதால் மிதுனத்தைக் கடக்க 31½ நாளுக்கு மேல் ஆகிறது. பேரனை ஞாயிற்றுக்கிழமை மாலை சன்னதித் தெரு நூலகத்துப் பக்கம் அழைத்து வாருங்கள், அம்மா. இரண்டு ஊசியும் நூலும் கொண்டு நீள்வட்டம் வரைந்து காட்டுகிறேன்.